இடது பக்கத்தில் நடந்தவன்

நெத்தலிக் கருவாட்டின் மணம் வெள்ளைச் சீருடையின் பைக்குள் ஒருமுறை ஏறிவிட்டால், சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கல்லில் அடித்துத் தோய்த்தாலும் போகாது. வெயிலில் காயப்போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். என் பதின்மூன்றாவது வயதில் ஒரு மாரிகாலம் முழுவதும் என் சட்டையின் இடது பை அப்படித்தான் மணத்தது. வகுப்பு வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு அரையடி தள்ளி இருந்தாள், பின்வாங்கில் இருந்தவர்கள் "கருவாட்டுக்காரி" என்று பட்டம் வைத்தார்கள், கணக்கு ரீச்சர் ஒருநாள் என்னைப் பார்த்துக்கொண்டே யன்னலைத் திறக்கச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை என்றால் அது பொய். ஆனாலும் நான் பையைக் காலியாக்கவில்லை, ஏனென்றால் ஒரு நாயை ஆட்டுப்பட்டியைத் தாண்டி, கயிறில்லாமல், என் பக்கத்தில் நடத்திக் காட்டவேண்டியிருந்தது. அதற்கு அறுவடை வரைக்கும்தான் எனக்குத் தவணை.

நாங்கள் அப்போதுதான் கண்டாவளைப் பக்கத்தில் எங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பி வந்திருந்தோம். அப்பா போரின் கடைசி மாதங்களில் இல்லாமல் போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். தகரக் கூரை போட்ட கொட்டில், அதற்குப் பின்னால் சமையலுக்குக் குசினி என்று நாங்கள் சொல்லிக்கொண்ட நாலு தடியும் ஒரு கிடுகும், முன்னால் இரண்டு ஏக்கர் வயல். வீட்டு வாசல் படலையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வாய்க்காலின் கரையான கட்டு வழியாக முக்கால் மணித்தியால நடை. அந்தக் கட்டின் ஓரத்தில் மின்சாரத் தூண்களைப் புதிதாக நட்டுவிட்டுக் கம்பி இழுக்காமல் போயிருந்தார்கள், ஆகவே அவை ஒருவருக்கும் உதவாமல் வரிசையாக நின்றன. எனக்கு மட்டும் பிறகு அவை மிகவும் உதவின.

ஐப்பசி மாதத்து முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வாசலிலிருந்து ஒரு கறுப்பு நாய் என் பின்னால் வந்தது. குட்டியும் இல்லை, வளர்ந்ததும் இல்லை. கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். கல்லை எடுப்பதுபோலக் குனிந்து பார்த்தேன், நின்றது. நிமிர்ந்து நடந்தேன், வந்தது. படலையடியில் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உது ஏன் இஞ்ச வருது?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "பிரவுணி எண்டு பேர் வைச்சிருக்கிறன்" என்றேன். கறுப்பு நாய்க்குப் பிரவுணியா என்று வேறு வீட்டில் சிரித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் சிரிக்கிற பெயர் இல்லை.

இடம்பெயர்ந்த அன்று உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களை ஏற்றிய பிறகு, மண்ணிறத்தில் இருந்த பழைய பிரவுணியின் சங்கிலியை அம்மாதான் அவிழ்த்துவிட்டார். கட்டிவிட்டுப் போனால் பட்டினியில் செத்துவிடும், பெட்டியில் ஏற்ற இடமில்லை, வேறு என்ன செய்வது. அது மதகடி வரைக்கும் எங்களுக்குப் பின்னால் ஓடிவந்தது, பிறகு களைத்துப்போய் நின்றுவிட்டது. நான் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சாமான்களின் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

ஆகவே கறுப்புப் பிரவுணியை அம்மா "உது" என்றே சொன்னார், பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. சோறு மட்டும் போட்டார். நான் பள்ளிக்கூடம் போகும்போது கயிற்றில் கட்டிவைத்தால் அவன் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவந்து வழியிலேயே என்னைப் பிடித்துவிடுவான். பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் வெளியே மருதமர நிழலில் படுத்திருப்பான். எனக்கு அதில் பெரிய புளுகம், பெருமை. பிரச்சினை வழியில்தான் இருந்தது. கட்டு வழியே நடக்கும்போது அவன் என்னோடு நடப்பதே இல்லை. முன்னால் ஓடுவான், பின்னால் நிற்பான், கொக்கைத் துரத்துவான், கடைசியில் பரமு மாமாவின் ஆட்டுப்பட்டி வந்ததும் இந்த உலகத்தில் நான் ஒருத்தி இருப்பதையே மறந்துவிடுவான்.

பரமு மாமா எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர். அம்பது வயதிருக்கும். மீள்குடியேறி வந்தவர்களுக்கு வாழ்வாதார உதவியென்று கொடுத்த இரண்டு மறி ஆடுகளைப் பெருக்கி ஏழாக்கி வைத்திருந்தார். அந்த ஏழு ஆட்டுக்கும் ஏழு பெயர். மார்கழியின் தொடக்கத்தில் ஒருநாள் பிரவுணி அவற்றுக்குள் பாய்ந்து கலைத்ததில் ஒரு குட்டி மதகுக்குள் விழுந்து முன்னங்காலை முறித்துக்கொண்டது. கடிக்கவில்லை, விளையாட்டாகத்தான் துரத்தினான். ஆட்டுக்குட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பரமு மாமா குட்டியின் காலுக்கு மட்டை வைத்துக் கட்டிவிட்டு அதைக் கையில் தூக்கிக்கொண்டே எங்கள் படலைக்கு வந்தார்.

"தங்கச்சி, நான் நஞ்சு வைக்கிற ஆள் இல்லை," என்று அம்மாவிடம் சொன்னார். "ஆனா இன்னொருக்கா இப்பிடி நடந்தால் என்னைக் குறை சொல்லாதேங்கோ. நானும் எல்லாத்தையும் விட்டிட்டு வந்து ஒண்டில இருந்து துவங்கினனான்."

அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "மாசியில அறுவடை முடிய ஓமந்தையில இருந்து தம்பி வைக்கல் ஏத்த வருவான். அவனோட உந்த நாயை ஏத்தி விடுறன். அதுவரைக்கும் கட்டி வைப்பம்," என்றார். மாமாவின் குரலில் இருந்த கோபத்தைவிட அம்மாவின் குரலில் இருந்த ஆறுதல்தான் என்னைச் சுட்டது. இந்த நாயோடு ஒட்டிக்கொள்ளாமல் தப்ப அவருக்கு ஒரு நல்ல சாட்டுக் கிடைத்துவிட்டது.

நான் அன்றைக்குப் பின்னேரமே பரமு மாமாவின் வீட்டுக்குப் போனேன். எப்படித் துணிந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பெரியவர்களோடு நேருக்கு நேர் நின்று கதைக்கிற பிள்ளையல்ல நான். "மாமா, அவனை என்ர பக்கத்தில நடக்கப் பழக்கிறன். உங்கட ஆட்டுக்குப் பக்கத்தால போகேக்கை திரும்பியும் பாக்காமல் வந்தால் அவனை வைச்சிருக்க விடுவீங்களோ?" என்று ஒரே மூச்சில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கயிறில்லாமல்?" என்றார். "ஓம், கயிறில்லாமல்." "கையில மீன் கருவாடு ஒண்டும் காட்டாமல்?" என்று கேட்டார். நான் அதற்கும் ஓம் என்றேன், அது எவ்வளவு பெரிய ஓம் என்று அப்போது தெரியாது. "சரி பாப்பம். நடத்திக் காட்டினால் நானே கொம்மாவோட கதைக்கிறன்," என்று சொல்லிவிட்டு ஆடுகளைக் கொட்டிலுக்குச் சாய்க்கப் போய்விட்டார்.

எப்படிப் பழக்குவது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஊரில் நாய் என்றால் படலையடியில் கிடக்கும், ஆள் வந்தால் குரைக்கும். நாயைப் பக்கத்தில் நடத்தவேண்டும் என்று ஒருவரும் நினைத்ததில்லை. வழியில் போனவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள், "ரெண்டு போட்டால் சரிவரும்" என்று. முதலில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். நான் இழுக்க அவன் இழுத்தான், அவனுக்கு நாலு கால், எனக்கு இரண்டு. பிறகு, சொல்லவே கூசுகிறது, பூவரசங் கம்பை முறித்து முதுகில் இரண்டு போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் என்னிலிருந்து பத்தடி தள்ளி, வாலை ஒடுக்கிக்கொண்டு நடந்தான். பக்கத்தில் வா என்று பழக்க நினைத்த நான் தூரப் போ என்று பழக்கிவிட்டேன். கம்பை வாய்க்காலில் எறிந்தேன், அது மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் வழி தானாகத் திறந்தது. அம்மா பொரித்துக் கட்டித் தந்த நெத்தலியில் நாலைந்து மிச்சமாகிக் கடதாசியோடு என் பைக்குள் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிரவுணியின் மூக்கு என் இடது பையோடு ஒட்டிக்கொண்டது. நான் வேகமாக நடந்தேன், அவனும் வேகமாக நடந்தான்; நின்றேன், நின்றான். பத்தடிக்கு ஒன்றாக நெத்தலியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரைக்கும் அவன் என்னை விட்டு விலகவில்லை. வீட்டுக்கு வரும்போது எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல முகமெல்லாம் சுட்டது, அவ்வளவு சந்தோசம்.

அடுத்த நாளிலிருந்து ஒழுங்காகத் தொடங்கினேன். மார்கழி விடுமுறை வந்தது நல்லதாய்ப் போயிற்று. காலையும் பின்னேரமும் கட்டுக்குப் போனோம். "கிட்ட" என்று சொன்னால் அவன் தோள் என் இடது முழங்காலுக்கு நேரே வரவேண்டும், வந்த அந்த நொடியில் வாய்க்குள் ஒரு துண்டு போகவேண்டும். ஒரு நெத்தலியை மூன்றாகக் கிள்ளினேன். முதல் நாலு நாளும் ஒவ்வொரு அடிக்கும் கொடுத்தேன், பிறகு மூன்று அடிக்கு, பிறகு பத்து அடிக்கு, பிறகு தூணுக்குத் தூண். இதற்குள் பிழைகளும் தாராளமாக விட்டேன். துண்டுகளை வலது கையால் எடுத்துக் கொடுத்தபடியால் அவன் கையைத் தேடி என் முன்னால் குறுக்கே வந்துவிடுவான். இரண்டு தரம் அவனில் தடக்கி விழுந்து முழங்கால் தோல் உரிந்தது. பிழை நாயில் இல்லை, கையில் என்று புரிய நாலு நாள் பிடித்தது. இடது கையால், தொடையோடு ஒட்டி, சட்டைத் தையலுக்கு நேரே கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அவன் நேராக நடந்தான்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது, அதை இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டவேண்டும்போல இருக்கிறது. தூரத்தில் ஆடு தெரிந்தால் அவன் பாய்வான். நான் பதறிப்போய் நெத்தலியைத் தூக்கிக் காட்டிக் கூப்பிடுவேன். அவன் பாதியில் திரும்பி ஓடிவருவான். நான் "கெட்டிக்காரன்" என்று அவனைத் தடவித் துண்டைக் கொடுப்பேன். ஒரு கிழமை இப்படி நடந்தது. பிறகு பார்த்தால் ஆடு இல்லாத இடத்திலும் அவன் நாலு பாய்ச்சல் முன்னால் ஓடி, நின்று, திரும்பி என் பையைப் பார்க்கிறான். பாய்ந்துவிட்டுத் திரும்பினால் மீன் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் கொடுத்தது சம்பளம் இல்லை, இலஞ்சம். அன்றிலிருந்து பாய்ந்து திரும்பினால் ஒன்றும் இல்லை என்றும், ஆட்டைக் கண்டபிறகும் என்னை நிமிர்ந்து பார்த்தால் மட்டும் இரண்டு துண்டு என்றும் மாற்றினேன். ஆடுகள் பொட்டாகத் தெரிகிற தூரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நாளும் ஒரு தூண் கிட்டப் போனோம்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா நெத்தலிப் போத்தலைத் திறந்தார். அடியில் தூள்தான் கிடந்தது. "மனிசருக்கே கறியில்லை, உதுக்கு நெத்தலியோ?" என்று குசினிக்குள்ளிருந்து வந்த குரலில் கோபத்தைவிட ஆயாசம் கூட இருந்தது. அவர் சொன்னது உண்மை. மறுநாள் முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி நானாவிடம், பெட்டியின் அடியில் கிடக்கும் நொறுங்கலைத் தருவீர்களா என்று ஒளித்துப் போய்க் கேட்டேன். அவர் ஒரு பிடி அள்ளிக் கடதாசியில் சுற்றித் தந்தார். படலைக்கு வெளியே பிரவுணி எனக்குப் பக்கத்தில் நிற்கும் நிற்பைப் பார்த்துவிட்டு, "மகள், இவன் உங்களோட நடக்கிறானா, கருவாட்டோட நடக்கிறானா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு முள்ளாகக் குத்தியது. பையைக் காலியாக்கிவிட்டுக் கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு தூண் வரைக்கும் நடந்தான், மூன்றாவது தூணில் என் பையை மணந்து பார்த்துவிட்டு வாய்க்காலுக்குள் குதித்துவிட்டான். கருவாடு காட்டாமல் நடத்துவேன் என்று பரமு மாமாவிடம் சொன்ன ஓம் எவ்வளவு பெரியது என்று இப்போது தெரிந்தது. கட்டின் மேல் குந்தியிருந்து அவன் நீந்துவதைப் பார்த்தேன். மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு, காதுகளைப் பின்னால் சாய்த்து, தண்ணீரோடு போய்ப் போய்த் திரும்பி வந்தான். இவனுக்கு நெத்தலியைவிட இதுதான் விருப்பம். அப்படியானால் இதையே நான் கொடுக்கலாமே என்று அப்போதுதான் பட்டது.

அதற்குப் பிறகு வாய்க்காலுக்குள் இறங்க என் அனுமதி வேண்டும். மூன்று தூண் "கிட்ட" நடந்தால், நான் நின்று, "போ" என்பேன்; அவன் அம்பு மாதிரிப் பாய்வான். நடுவில் விலகினால் போ கிடையாது, திரும்பவும் முதல் தூண். மூன்று தூண் ஐந்தாயிற்று, ஐந்து பத்தாயிற்று. சில நாள் இரண்டாவது தூணிலேயே விட்டேன், சில நாள் பன்னிரண்டு வரைக்கும் இழுத்தேன். எப்போது வரும் என்று தெரியாதபடியால் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான். இடைக்கிடை, அவன் நினைக்காத நேரத்தில், ஒரு துண்டு கருவாடும். நான் திரும்பினால் அவனும் திரும்பினான், மெதுவாக நடந்தால் காலை அளந்து வைத்தான். தை மாதக் கடைசியில் பரமு மாமாவின் ஆடுகளுக்கு இருபதடி தள்ளிக் கட்டு வழியே நடந்துபோனோம், அவன் காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே அவரிடம் போய், இன்றைக்குப் பார்க்க வாருங்கோ என்றேன்.

அவர் வயலுக்கு அந்தப் பக்கம், ஆட்டுக்கொட்டிலடியில் போய் நின்றார். நான் கட்டிலேயே ஆடுகளுக்குப் பக்கத்தால் நடந்து காட்டலாம் என்று இருந்தேன். அவர் அங்கிருந்து கையைக் காட்டி, "உதில நடக்கிறதை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். இப்பிடி வரம்பால கொண்டு வா பிள்ளை. ஆடெல்லாம் இஞ்சதான் கிடக்குது," என்று கூப்பிட்டார்.

அந்த வரம்பு ஒரு பாதம் வைக்கிற அகலம். இடது பக்கம் அவருடைய வயல், கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது, இன்னும் இரண்டு கிழமையில் வெட்டு. வலது பக்கம் கழிவு வாய்க்கால், இடுப்பளவு தாழ்வு, அதில் முழங்காலுக்கு மேலே சேறும் தண்ணீரும். வரம்பின் முடிவில் ஏழு ஆடுகளும் படுத்துக் கிடந்தன, மட்டை அவிழ்த்த நொண்டிக் காலோடு அந்தக் குட்டியும் அவற்றுக்குள். நான் "கிட்ட" என்று சொல்லி வரம்பில் காலை வைத்தேன். பிரவுணி நான் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்ததை ஒரு குறையும் இல்லாமல் செய்தான். என் இடது முழங்காலுக்கு நேரே, தலையை நிமிர்த்தி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பரமு மாமாவின் நெல்லுக்குள் நடந்தான்.

"ஐயோ, என்ர நெல்லு!" என்று அவர் கத்தினார். பத்தடி நீளத்துக்குக் கதிர் மடிந்துகொண்டு வந்தது. அகலமான வாய்க்கால் கட்டிலேயே பழக்கிய எனக்கு, வயல் நாட்டில் பிறந்து வரம்பில் நடந்து வளர்ந்த எனக்கு, வரம்பில் பக்கத்தில் நடக்க இடமில்லை என்பது ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை. பின்னால் வா என்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. தெரியாத சொல்லைச் சொன்னால் அவன் குழம்புவான், குழம்பினால் முன்னால் ஓடுவான், முன்னால் ஆடு. திரும்பிப் போனால் தோற்றதாகிவிடும். கண்ணுக்கு முன்னால் ஓமந்தை மாமாவின் உழவு இயந்திரப் பெட்டியும் அதற்குள் கயிறும் தெரிந்தன.

நான் நின்றேன், அவனும் நின்றான். சப்பாத்தைக் கழற்றவில்லை, அதற்கு நேரமில்லை. வலது பக்கம் கழிவு வாய்க்காலுக்குள் இறங்கினேன். தொடை வரைக்கும் சேறு ஏறியது, வெள்ளைச் சட்டையின் கீழ்ப்பகுதி குடைபோல மேலே மிதந்தது. "கிட்ட" என்றேன். ஒரு நொடி அவன் என்னைப் பார்த்தான். பிறகு நெல்லுக்குள்ளிருந்து ஏறி, வரம்பில், எனக்கு இடது பக்கத்தில் வந்து நின்றான். அவன் தோள் என் முழங்காலுக்கு நேரே இல்லை, காதுக்கு நேரே இருந்தது. அப்படியே நடக்கத் தொடங்கினோம், அவன் காய்ந்த வரம்பில் ராசா மாதிரி, நான் கீழே சேற்றை உழக்கிக்கொண்டு.

ஆடுகளுக்கு அஞ்சடி இருக்கும்போது நொண்டிக் குட்டி எழும்பி அவனுக்கு நேரே முன்னால் குறுக்கே போனது. பிரவுணியின் முதுகு மயிர் சிலிர்த்தது. முன்னங்கால் ஒன்று தூக்கியபடி நின்றது. கத்தினால் கெட்டுவிடும் என்று தெரியும், ஆகவே ஆடில்லாத கட்டு வழியில் சொல்கிற அதே குரலில், "கிட்ட" என்று மெதுவாகச் சொன்னேன். அவன் தூக்கிய காலை எனக்குப் பக்கத்தில் வைத்தான். முகத்தை என் பக்கம் திருப்பினான். குட்டி கடந்து போனது. நாங்கள் ஏழு ஆட்டையும் தாண்டிக் கொட்டில் வாசல் வரைக்கும் போனோம், அங்கே நான் "போ" என்றேன், அவன் வரம்பிலிருந்து என் தலைக்கு மேலால் கழிவு வாய்க்காலுக்குள் பாய்ந்தான். என் முகத்தில் சேறு படாத இடம் இல்லை.

பரமு மாமா முதலில் மடிந்த நெல்லைப் பார்த்தார். பிறகு ஆடுகளைப் பார்த்தார். "குட்டியைத் தவிர ஒரு ஆடும் படுத்த இடத்தை விட்டு எழும்பேல்லை," என்றார். "அதுகளே பயப்பிடேல்லை, பிறகு நான் என்னத்தைச் சொல்ல." என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். "கொம்மா உந்தச் சட்டையைக் கண்டால் உன்னைத்தான் ஓமந்தைக்கு ஏத்துவா."

அம்மா சட்டையைப் பார்த்து ஏசினார், நன்றாகவே ஏசினார். பரமு மாமா வந்து கதைத்தபோது ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார், நாயை வைத்திருப்பேன் என்றும் சொல்லவில்லை, அனுப்புவேன் என்றும் சொல்லவில்லை. நான் கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவும் இல்லை. மாசியில் வெட்டு முடிந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் ஓமந்தை மாமா உழவு இயந்திரத்தோடு வந்து, வைக்கலை ஏற்றிக் கட்டி முடித்துவிட்டுப் புதுக் கயிறு ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "எங்கையக்கா நாய்?" என்று கேட்டார்.

பிரவுணி எனக்கு இடது பக்கத்தில் நின்றான். அம்மா குசினியிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து மாமாவிடம் நீட்டினார். "தம்பி, வைக்கலை மட்டும் கொண்டு போ," என்றார். "அவன் இஞ்ச நிக்கட்டும்." அம்மா அவனை "அவன்" என்று சொன்னது அதுதான் முதல் தரம். மாமா தோளைக் குலுக்கிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

பிரவுணி பன்னிரண்டு வருடம் இருந்தான். நான் பள்ளிக்கூடம் முடித்து, பட்டம் முடித்து, வவுனியாவில் ஒரு கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் இருந்தான். இப்போது அந்தக் கட்டுக்குத் தார் போட்டுவிட்டார்கள். தூண்களில் கம்பி வந்து கன காலம். வாய்க்காலின் இரண்டு பக்கமும் நேராகச் சீமெந்துச் சுவர், நாய் ஒன்று குதித்தால் ஏறி வர வழியில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகிறார்கள், நடக்கிறவர்கள் இல்லை. பரமு மாமா ஆடுகளை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார், கொட்டில் இருந்த இடத்தில் யாரோ அரிசி ஆலை கட்டுகிறார்கள். அந்தக் கழிவு வாய்க்காலை மூடி வயலோடு சேர்த்துவிட்டார்கள், நான் இறங்கிய இடம் எது என்று சரியாகக் காட்டவும் எனக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அம்மாவை என்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "நாயை ஆரிட்ட விடுறது?" என்பார். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள் என்பார், நகரத்து வீட்டுக்காரர் விடமாட்டார் என்பார். போன வருடம் வைகாசியில் பிரவுணி செத்துப்போனான். அம்மாவே கிடங்கு வெட்டி, வேலியோரம் பூவரசுக்குக் கீழே தாட்டார். எனக்குச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான். முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்று மனிதருக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்து, பிறகு வான் ஒன்று பிடித்துக்கொண்டு போனேன். சாமான் கட்ட இரண்டு சாக்கும் கயிறும் வாங்கிக்கொண்டு போனேன். இனி அவருக்குச் சாட்டு இல்லை என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன், கொஞ்சம் வெற்றியோடு என்றும் சொல்லவேண்டும்.

அம்மா படலையைத் திறந்தார். அவர் காலடியில், நடக்கவே தள்ளாடுகிற வெள்ளை நாய்க்குட்டி ஒன்று சீலைக் கரையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எங்கிருந்து என்று கேட்டேன். தானாக வந்தது என்றார், நேற்று வந்தது என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நான் வானைப் பார்த்தேன், சாக்குகளைப் பார்த்தேன். அம்மா குனிந்து குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இந்தப் பச்சை மண்ணை விட்டிட்டு என்னெண்டு பிள்ளை வாறது?" என்று கேட்டார். பிறகு வான்காரத் தம்பிக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வைக்க உள்ளே போனார்.